"முதலில் குப்பையை எடும்மா, பிறகு பேசலாம்"

கேள்வி: எனக்கு வயது 63. பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள குளத்தைக் காப்பதற்காக நண்பர்கள் 11 பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரையைச் சுத்தம் செய்கிறோம். எங்களில் இளையவருக்கே 54 வயது. சென்ற ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று பள்ளி, கல்லூரி மாணவர்கள் 40 பேர் வந்தார்கள். தொப்பி, சான்றிதழ் எல்லாம் கொடுத்தோம். நன்றாகவே வேலை செய்தார்கள். ஒரு மாணவி மட்டும் "இந்தக் குப்பை எங்கிருந்துதான் வருகிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். "முதலில் குப்பையை எடும்மா, பிறகு பேசலாம்" என்று எங்கள் செயலர் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஒருவரும் இல்லை. இந்தத் தலைமுறைக்கு அக்கறையே கிடையாதா? கைபேசியிலிருந்து இவர்களைப் பிரித்துக் குளக்கரைக்குக் கொண்டுவர என்ன வழி? எங்களுக்குப் பிறகு இந்தக் குளத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பதில்:

ஐயா,

நீங்கள் தேடும் விடை, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே இருக்கிறது. அந்த மாணவியின் கேள்வியைச் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 48 ஞாயிற்றுக்கிழமைகள். 48 முறை குப்பையை எடுத்தீர்கள். 48 முறையும் அது திரும்பி வந்தது. இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் குளம் இந்நேரம் மேடாகியிருக்கும். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று புதிதாக வந்து பார்க்கும்போது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பும் காட்சிதான் அதன் கண்ணில் படுகிறது. ஓட்டை எங்கே என்று கேட்கிறது. கேட்டவளிடம் சாக்குப்பையைக் கொடுத்து அனுப்பினீர்கள். அவள் திரும்பி வந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

அக்கறை கிடையாதா என்று கேட்கிறீர்கள். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், காலநிலை மாற்றத்தைப் பற்றி மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். அக்கறை வேண்டிய அளவு இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வைக்கத்தான் அவர்களுக்கு இடம் இல்லை. "உலகம் அழிகிறது" என்று நாள் முழுவதும் திரையில் படிக்கிறவரிடம் "இந்த மூலையில் கிடக்கும் உறைகளைப் பொறுக்கு" என்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அவரைச் சோர வைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 40 பேரில் 34 பேர் போய்விட்டதை எண்ணி வருந்துகிறீர்கள். ஆறு பேர், தொப்பியும் சான்றிதழும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிறன்று, விடியற்காலையில் எழுந்து வந்திருக்கிறார்கள்! என் அனுபவத்தில் இது மிக நல்ல கணக்கு. அந்த ஆறு பேருக்கு அன்று என்ன கொடுத்தீர்கள்? மறுபடியும் சாக்குப்பைதானே?

இளையோர் பங்கேற்பைப் பற்றி ஆராய்பவர்கள் ஓர் ஏணியைப் பற்றிப் பேசுவார்கள். 1992இல் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதியபோது வகுத்த எட்டுப் படிகள் அவை. பெரியவர்களின் வேலைகளில் சிறியவர்கள் எந்த அளவுக்கு உண்மையாகப் பங்கேற்கிறார்கள் என்பதை அது அளக்கிறது. கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே ஹார்ட் ஏற்கவில்லை. அவற்றில் இரண்டாவது படிக்கு அவர் வைத்த பெயர் அலங்காரம். ஒரு நிகழ்ச்சிக்கான வாசகம் அச்சிட்ட சட்டையைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவது, எதற்காக அந்த நிகழ்ச்சி என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியாமல் இருப்பது என்பதுதான் அவர் சொன்ன எடுத்துக்காட்டு. உங்கள் தொப்பிகள் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை, மன்னியுங்கள்.

அதே ஏணியின் உச்சிப் படி உங்களுக்கு ஆறுதல் தரும். இளையவர்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவது ஏழாவது படிதான். எட்டாவதில், அவர்கள் தொடங்கியதைப் பெரியவர்களோடு கலந்து முடிவெடுக்கிறார்கள். ஆக, நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குளத்துக்குத் தண்ணீர் வந்த பழைய வாய்க்கால் எது, எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்கு மனு போக வேண்டும், சென்ற முறை தூர்வாரியபோது என்ன தவறு நடந்தது என்பதெல்லாம் உங்கள் 11 பேருக்குத்தான் தெரியும். கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும்; அனுபவத்தை நீங்கள் கொடுங்கள்.

சரி, அந்த மாணவியின் கேள்வியை என்ன செய்யலாம்? அதையே வேலையாக்குங்கள்.

கரையில் பத்து மீட்டர் நீளத்தில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துக் கயிறு கட்டுங்கள். ஒன்று நீர் உள்ளே வரும் வாயில், ஒன்று பாதையை ஒட்டி, ஒன்று காற்று கொண்டுவந்து ஒதுக்கும் பக்கம், ஒன்று ஆள் நடமாட்டமே இல்லாத மூலை. எடுக்கிற குப்பையை அங்கேயே வகை பிரித்து எண்ணட்டும்: உறை, பாட்டில், மூடி, துணி, மருத்துவக் கழிவு, கட்டட இடிபாடு. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. மூன்றே மாதத்தில் படம் தெளிந்துவிடும். மழைக்குப் பிறகு நீர் உள்ளே வரும் வாயிலில் குப்பை பெருகினால் அது எங்கோ மேலே உள்ள வடிகாலிலிருந்து வருகிறது. கரையைச் சுத்தம் செய்து பயனில்லை, அந்த வாயிலில் வலை கட்ட வேண்டும், வடிகாலைப் பின்தொடர்ந்து போக வேண்டும். மழையோடு தொடர்பே இல்லாமல் பாதையோரம் குவிந்தால் நடப்பவர்கள் போடுகிறார்கள். தொட்டி இருக்கிறதா, அது காலியாக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்காமல் செய்கிற உழைப்பெல்லாம் நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில், முதல் நாளிலிருந்தே தொண்டர்கள் கையில் சாக்கோடு, எண்ணிக்கை குறிக்கும் ஓர் அட்டையும் இருந்தது. என்ன கிடைத்தது, எத்தனை என்று குறித்தார்கள். அந்தக் கணக்குதான் பிறகு பல நாடுகளுக்குப் பரவி, கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவோர் கையில் சான்றானது. எஸ்டோனியாவில் 2008 மே மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் ஒரே நாளில் 10,000 டன் அளவுக்குக் குப்பையை அகற்றியதைப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் பல மாத வேலை இருந்தது: காட்டிலும் சாலையோரத்திலும் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட இடங்களைத் தொண்டர்கள் தேடிப் போய், படம் எடுத்து, வரைபடத்தில் குறித்தார்கள். அன்றாடம் வரைபடச் செயலியில் வழி தேடும் கைகளுக்கு இது பிடித்த வேலை.

தண்ணீரையும் அவர்கள் கையில் கொடுங்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞர், மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளை வட்டைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். இன்றும் ஏரி, குளங்களின் தெளிவை அளக்க அதே முறைதான். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு, கால் கால் பகுதியாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி வண்ணம், நடுவில் எடை, அளவு குறித்த கயிறு. மாணவர்களே செய்துவிடலாம். இறக்கும்போது மறையும் ஆழம், ஏற்றும்போது தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில், நிழல் விழும் பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். ஆழமற்ற இடத்தில் வட்டு மறைவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். அப்போது "அடிவரை தெரிகிறது" என்று எழுதினால் போதும், பொய்யாக ஓர் எண் வேண்டாம்.

பிறகு பூச்சிகள். ஒரு வடிகட்டியால் கரையோரச் சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். இரத்தச் சிவப்பில் நெளியும் மெல்லிய புழுக்கள் மட்டுமே இருந்தால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகிக்கலாம். அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான். கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ள அவற்றுக்கு அது உதவுகிறது. தட்டானின் இளம்பருவம் உட்படப் பல வகை உயிர்கள் கலந்து கிடைத்தால் நிலைமை பரவாயில்லை. தட்டான் தன் இளமையைத் தண்ணீருக்குள் கழிக்கிறது என்பதே பாதிப் பேருக்குப் புதிய செய்தியாக இருக்கும். "அக்கறையற்ற" ஒரு பதினைந்து வயதுப் பையன் அந்தத் தட்டின் மேல் குனிந்து, கைபேசி அடித்ததைக்கூடக் கவனிக்காமல் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குளம் பச்சையாக இருந்தால், அதிகாலையில் மீன்கள் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கின்றன என்று கேளுங்கள். கழிவுநீரோடும் சோப்புநீரோடும் வரும் சத்துகளால் பாசி பெருகுகிறது. பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் அதே பாசி, இரவில் தானும் அதை எடுத்துக்கொள்கிறது. விடியும் நேரத்தில் மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது. இந்த விடையை அவர்களாகவே வந்து அடைய விடுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அது இன்னொரு வகுப்பு.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியின் மாணவர்களுக்கு நீர்ப் பதிவுப் படிவம் தயாரித்துக் கொடுத்தேன். 14 கட்டங்கள். பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாப் படிவங்களும் தவறாமல் நிரம்பி வந்தன. தண்ணீரின் வெப்பநிலை மட்டும் ஏழு வாரமாகப் பத்தில் ஒரு பங்கு டிகிரிகூட மாறவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். கோபத்தோடு போனேன். ஒரு மாணவர் நிதானமாகக் கேட்டார்: "இதை யார் படிக்கிறார்கள், அம்மா?" நான் படிக்கவில்லை. படித்திருந்தால் நான்காவது வாரமே பிடித்திருப்பேன். அன்றிலிருந்து என் படிவங்களில் நான்கு கட்டங்களுக்கு மேல் இருப்பதில்லை. அந்த எண்கள் யாரிடம் போகும், எந்த நாளில் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாணவர்களின் கணக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகட்டும். அவர்களே எடுத்துப் போய், அவர்களே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அதிகாரி உங்களைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினால், "அவர்களிடம் சொல்லுங்கள்" என்று கையைக் காட்டுங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது உரிய மதிப்போடு கேட்கப்படவும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. எந்த அதிகாரியிடமும் இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

முடிவெடுக்கும் உரிமையை எப்படிக் கொடுப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பொதுவாக நடப்பது என்ன? "சமூக ஊடகத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒதுக்கிவிடுவார்கள். சுவரொட்டி வரைவதற்காகவே பிறந்தவர்கள் போல. குழுவின் பணத்தில் ஒரு சிறு பகுதியையும் கருவிகள் வைத்திருக்கும் அறையின் சாவியையும் கொடுத்துப் பாருங்கள். வலையா, தொட்டியா, அறிவிப்புப் பலகையா, எதற்குச் செலவிடுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அது தவறான முடிவாகக்கூட இருக்கலாம். முதல் மழையில் வலை அறுந்து போகும். போகட்டும். நீங்கள் 48 ஞாயிறுகள் எடுத்துக்கொண்டீர்களே!

நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஞாயிறு காலை ஆறு மணி என்பது உங்கள் வயதுக்கு வசதியான நேரம். அவர்களைக் கேட்காமல் வைத்தது. கேளுங்கள். அதோடு, "குழுவில் சேருங்கள்" என்ற அழைப்பு ஓர் இளைஞருக்கு ஆயுள் சந்தா போலத் தோன்றும். தேர்வு வரும், வேலை தேடி ஊர் மாற வேண்டியிருக்கும். எட்டு வாரத்தில் முடியும் வேலை ஒன்றைச் சொல்லுங்கள். தொடக்கம், முடிவு, கையில் ஒரு விளைவு. முடிந்த பிறகு போகிறவர்களை நன்றி சொல்லி அனுப்புங்கள். குற்ற உணர்ச்சியோடு போனவர் திரும்பி வருவதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் வரைவதில் விருப்பமுள்ள மழலையரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் பரிசுப் பத்திரம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே சான்றிதழைத் தூண்டிலாக வைக்காதீர்கள். வேலை முடிந்த பிறகு, அவர் என்ன செய்தார் என்பதை விவரமாக எழுதி ஒரு கடிதம் கொடுங்கள். "சிறப்பாகப் பங்கேற்றார்" என்பதைவிட "மழைக்கு முன்னும் பின்னுமாக ஆறு முறை கழிவு எண்ணி, வடகிழக்கு வடிகாலே காரணம் என்று காட்டினார்" என்பது நேர்காணலிலும் உதவும்.

கைபேசியைப் பகையாக்க வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் ஒரு செடியையோ பறவையையோ படம் எடுத்து ஏற்றினால், அடையாளம் காண உலகெங்கும் உள்ளவர்கள் உதவுகிறார்கள். பதிவுகள் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. 2008இல் கலிஃபோர்னியாவில் முதுகலை மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது அது என்பதையும் சொல்லுங்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லாத சீக் என்ற செயலி இருக்கிறது. வீட்டில் எடுக்கும் படங்களில் இடத்தை மறைத்துப் பதிவிடக் கற்றுக்கொடுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் வந்தால் கணக்கும் வேண்டாம், உலக அழிவுப் பேச்சும் வேண்டாம், தட்டான் போதும்.

இனி, சங்கடமான ஒரு பகுதி. இவர்கள் குழாயையும் வடிகாலையும் பின்தொடர்ந்து போய், அது உங்கள் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாயிலேயே முடிந்தால்? அப்படி நடந்த இடங்கள் உண்டு. அன்றைக்குச் செயலர் "பிறகு பேசலாம்" என்று மறுபடியும் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் செய்தியை எப்படி ஏற்கப் போகிறீர்கள் என்பதை உங்கள் 11 பேரும் இப்போதே பேசி வையுங்கள். கழிவு ஒரு தொழிற்கூடத்திலிருந்து வருவதாகத் தெரிந்தால் மாணவர்களை அதன் வாசலுக்கு அனுப்பாதீர்கள். சான்று அவர்களுடையதாக இருக்கட்டும். புகாரில் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். எதிர்ப்பு வந்தால் அதைத் தாங்கும் தோள் பெரியவர்களுடையது.

பொறுமையும் வேண்டும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் மெலாட்டி, இசபெல் விஜ்சென் என்ற சகோதரிகள் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது ஒருவருக்கு 12 வயது, மற்றவருக்கு 10. அது 2013. அந்தத் தீவில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது 2019இல். ஆறு ஆண்டுகள், அதற்குள் அவர்கள் குழந்தைகளாகவே இல்லை.

அந்த மாணவியை நீங்களே நேரடியாகத் தேடிப் போக வேண்டாம். அவள் ஆசிரியர் வழியாகச் செய்தி அனுப்புங்கள். "உன் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, கண்டுபிடிக்க உதவுவாயா?" என்று கேட்டால் போதும். முடிந்தால் செயலரே எழுதட்டும். அந்த ஆறு பேரையும் அதேபோல அழையுங்கள்.

அவர்கள் வரும் நாளுக்கு முன் சில ஏற்பாடுகள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது உடன் இருக்க வேண்டும். யாரும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. தேங்கிய அழுக்குநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும்; கையிலோ காலிலோ புண் உள்ளவர் அன்று எழுதும் வேலையைப் பார்க்கட்டும். ஊசியோ மருத்துவக் கழிவோ கண்டால் மாணவர்கள் தொடாமல் குரல் கொடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான டப்பாவில் போடட்டும். கேட்காமல் யாரையும் படம் எடுத்து வெளியிடாதீர்கள்.

கையுறை வாங்கும்போது சிறிய அளவுகளிலும் வாங்குங்கள். பெரும்பாலான குழுக்களின் பெட்டியில் பெரியவர்களின் அளவு மட்டுமே இருக்கிறது. பதிமூன்று வயதுக் கை அதற்குள் தொளதொளவென்று ஆடும். கண்ணாடித் துண்டைப் பிடிக்க முடியாமல் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் எடுப்பார்கள்.